ஹோமோசிஸ்டீன்: எண்ணைக் குறைப்பதா, குறையைத் தீர்ப்பதா?

சங்கரன்கோவில் போன்ற ஊர்களிலும் ‘முழு உடல் பரிசோதனை’ இப்போது சாதாரணமாகிவிட்டது. காலையில் வெறும் வயிற்றில் இரத்தம் கொடுத்தால், மறுநாள் வாட்ஸ்அப்பில் நாலைந்து பக்கத்துக்கு ரிப்போர்ட் வந்து விழுகிறது. சர்க்கரை, கொழுப்பு, தைராய்டு, கிரியாட்டினின் எல்லாம் ஊருக்குப் பழகிய பெயர்கள்தான். அவற்றுக்குக் கீழே அண்மைக் காலமாக ஒரு புதுப்பெயர் சேர்ந்திருக்கிறது: ஹோமோசிஸ்டீன். லிட்டருக்கு 15 மைக்ரோமோலுக்குள் இருக்க வேண்டிய அளவு 28 என்றோ 35 என்றோ தடித்த எழுத்தில் அச்சாகியிருக்கும். ‘இதய நோய்க்கு வாய்ப்பு’ என்ற குறிப்பைப் பார்த்ததும் வீட்டில் தூக்கம் போய்விடும். ரிப்போர்ட்டோடு மருந்துக்கடைக்குப் போனால் ஃபோலிக் அமிலம், பி6, பி12 மூன்றும் கலந்த மாத்திரை கிடைக்கும். இரண்டு மூன்று மாதம் விழுங்கிவிட்டு மறுபடி பார்த்தால், பெரும்பாலானவர்களுக்கு அளவு இறங்கியிருக்கும்.

இதுவரை குழப்பம் இல்லை. எண் இறங்கியதால் மாரடைப்பு வரும் வாய்ப்பும் இறங்கிவிட்டதா என்று கேட்டால்தான் சிக்கல். மருத்துவ உலகம் பல்லாயிரம் நோயாளிகளை வைத்து இந்தக் கேள்வியைச் சோதித்துப் பார்த்துவிட்டது. கிடைத்த விடை மாத்திரை விற்பவர்களுக்கு அவ்வளவாகப் பிடிக்காது. ஆனால், அதே ஹோமோசிஸ்டீன் நம் நாட்டுக்காரர்களின் உடலைப் பற்றி வேறொரு சேதியையும் சொல்கிறது. அதைக் கவனிக்காமல் விட்டால் நட்டம் நமக்குத்தான்.

உடலுக்குள் ஒரு முச்சந்தி

பருப்பு, பால், முட்டை, கறி எதைச் சாப்பிட்டாலும் அதிலுள்ள புரதத்தோடு மெத்தியோனின் என்ற அமினோ அமிலமும் உள்ளே போகிறது. மரபணுக்களை இயக்கவும் நிறுத்தவும், நரம்பு உறையைப் பேணவும், பல வேதிப்பொருள்களைத் தயாரிக்கவும் உடலுக்கு ‘மெத்தில்’ என்ற சிறு வேதிக்கூறு ஓயாமல் தேவைப்படுகிறது. அதைக் கொடுப்பது மெத்தியோனின். கொடுத்த பிறகு மிஞ்சுவதுதான் ஹோமோசிஸ்டீன். அமெரிக்க வேதியியலாளர் வின்சென்ட் டு வின்யோ 1932-இல் இதைக் கண்டறிந்தார். கந்தகச் சேர்மங்கள் குறித்த ஆய்வுகளுக்காக 1955-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

ஹோமோசிஸ்டீன் நிற்குமிடம் ஒரு முச்சந்தி என்று வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே வர ஒரு சாலை, வெளியேற இரண்டு சாலைகள். முதல் சாலையில் போனால் ஹோமோசிஸ்டீன் மறுபடியும் மெத்தியோனினாக மாறிவிடும். அந்தச் சாலை திறந்திருக்க ஃபோலேட், பி12 என்ற இரண்டு வைட்டமின்களும் ஒரே நேரத்தில் வேண்டும். ஃபோலேட்டிடமிருந்து மெத்திலை வாங்கி ஹோமோசிஸ்டீனிடம் ஒப்படைப்பது பி12-இன் வேலை. இரண்டாவது சாலையில் அது சிஸ்டீன் என்ற வேறொரு பொருளாக மாறும். அதற்கு பி6 வேண்டும். மூன்றில் எது குறைந்தாலும் போக்குவரத்து தேங்கும், இரத்தத்தில் அளவு ஏறும். கல்லீரலில் பீட்டெயின் என்ற பொருள் வழியாக ஒரு குறுக்குப் பாதையும் உண்டு. ஆனால், பெரிய நெரிசலை அது மட்டும் தீர்த்துவிடாது.

வைட்டமின் குறைவு மட்டுமே அளவை ஏற்றுவதில்லை. சிறுநீரகம் பழுதானாலும், தைராய்டு மந்தமானாலும் ஏறும். புகைபிடித்தால் ஏறும். வலிப்புக்குத் தரும் ஃபெனிடாயின், மூட்டுவாதத்துக்குத் தரும் மெத்தோட்ரெக்சேட் போன்ற மருந்துகளாலும் ஏறும். வயது கூடக்கூடவும் அளவு மெல்ல உயரும்.

இரண்டு குழந்தைகளின் இரத்தக்குழாய்கள்

ஹோமோசிஸ்டீனுக்கும் இதயத்துக்கும் முடிச்சுப் போட்டவர் கில்மர் மெக்கல்லி. ஹார்வர்டு மருத்துவப் பள்ளியைச் சேர்ந்த நோயியல் மருத்துவர். பிறவி நொதிக் குறைபாட்டால் ஹோமோசிஸ்டீன் அளவுக்கு மீறி ஏறும் குழந்தைகளின் உடற்கூறு மாதிரிகளை அவர் ஆராய்ந்தார். ஒன்று, 1933-இல் பக்கவாதத்தால் இறந்துபோன எட்டு வயதுச் சிறுவனுடையது. இன்னொன்று, இரண்டு மாதக் கைக்குழந்தையுடையது. இரண்டிலும் தமனிகள் முதியவர்களுடையவை போலத் தடித்து இறுகியிருந்தன. இத்தனைக்கும் இருவருக்கும் இருந்த நொதிக் குறைபாடு வேறு வேறு. ஒரு குழந்தைக்கு மெத்தியோனின் ஏறியிருந்தது, மற்றதற்கு ஏறவில்லை. இருவருக்கும் பொதுவாக ஏறியிருந்தது ஹோமோசிஸ்டீன் மட்டும்தான். ஆகவே குழாயைக் கெடுத்தது அதுதான் என்று 1969-இல் மெக்கல்லி எழுதினார்.

அது கொலஸ்ட்ரால் கொடிகட்டிப் பறந்த காலம். அவர் பேச்சு எடுபடவில்லை, ஹார்வர்டில் இருந்த இடமும் போயிற்று. 1990-களில் காற்று திசை மாறியது. பிறவிக் குறைபாடு எதுவும் இல்லாத சாதாரண மக்களிலும் ஹோமோசிஸ்டீன் சற்றே கூடியவர்களுக்கு மாரடைப்பும் பக்கவாதமும் அதிகம் என்று ஆய்வுகள் வரிசையாக வந்தன. அளவைக் குறைக்க வழியும் தெரியும், அந்த மாத்திரையும் மலிவு. இனி நோயைத் தடுத்துவிடலாம் என்ற நம்பிக்கை பிறந்தது.

சோதித்துப் பார்த்தபோது

2006-இல் வெளியான ஹோப்-2 என்ற சோதனையில் இதய நோயோ சர்க்கரை நோயோ உள்ள 5,522 பேர் சேர்க்கப்பட்டனர். பாதிப் பேருக்கு ஃபோலிக் அமிலம் 2.5 மில்லிகிராம், பி6 50 மில்லிகிராம், பி12 1 மில்லிகிராம். மீதிப் பேருக்கு வெறும் மாத்திரை. ஐந்தாண்டு முடிவில் மருந்து எடுத்தவர்களின் ஹோமோசிஸ்டீன் குறைந்திருந்தது. மாரடைப்பும் இறப்பும் குறையவில்லை. பக்கவாதம் மட்டும் சற்றுக் குறைவாக இருந்தது. அதே ஆண்டில் வெளியான நார்வே ஆய்வில், மாரடைப்பு வந்து தேறிய 3,749 பேருக்கும் பலன் இல்லை. சர்க்கரையால் சிறுநீரகம் கெட்டவர்களுக்கு அதிக அளவில் பி வைட்டமின்களைக் கொடுத்த கனடா ஆய்வு 2010-இல் வந்தது. அதில் மருந்து எடுத்தவர்களுக்குத்தான் சிறுநீரகம் வேகமாகப் பழுதடைந்தது.

இப்படிப்பட்ட 15 சோதனைகளை, 71,000-க்கும் மேற்பட்டவர்களின் விவரங்களோடு ஒருங்கே வைத்து காக்ரேன் அமைப்பு 2017-இல் அலசியது. மாரடைப்பிலும் இறப்பிலும் வேறுபாடு இல்லை. பக்கவாதம் மருந்து எடுத்தவர்களில் நூற்றுக்கு 4.3, எடுக்காதவர்களில் 5.1. பலன் உண்டு, ஆனால் சிறிது.

அந்தச் சிறு பலனுக்கு விளக்கம் சீனாவில் நடந்த ஒரு சோதனையில் இருக்கிறது. அங்கே இரத்தக் கொதிப்பு உள்ள 20,702 பேருக்கு எனலாப்ரில் மாத்திரை கொடுக்கப்பட்டது. பாதிப் பேருக்கு மட்டும் அதோடு 0.8 மில்லிகிராம் ஃபோலிக் அமிலமும் சேர்க்கப்பட்டது. 2015-இல் வெளியான முடிவின்படி, ஃபோலிக் அமிலம் சேர்ந்தவர்களுக்கு முதல் பக்கவாதம் ஐந்தில் ஒரு பங்கு குறைந்தது. அமெரிக்காவிலும் கனடாவிலும் 1998 முதலே மாவில் ஃபோலிக் அமிலம் கலக்கிறார்கள். அங்கே குறையே இல்லாதவருக்கு மாத்திரை கொடுத்தால் என்ன மாறிவிடப் போகிறது? சீனாவில் ஆய்வு நடந்த பகுதிகளில் அப்படிக் கலப்பது இல்லை. குறை இருந்த இடத்தில் பலன் தெரிந்தது.

ஆக்ஸ்போர்டில் ஞாபக மறதி தொடங்கிய முதியவர்களிடம் நடத்தி 2010-இல் வெளியிட்ட ஆய்விலும் இதே கதை. பி வைட்டமின்கள் எடுத்தவர்களுக்கு மூளை சுருங்கும் வேகம் சராசரியாக 30 விழுக்காடு குறைந்தது. தொடக்கத்திலேயே ஹோமோசிஸ்டீன் கூடுதலாக இருந்தவர்களுக்குத்தான் அந்தப் பலன் பெரிதாகக் கிடைத்தது.

ஆக, ஹோமோசிஸ்டீன் பெரும்பாலும் ஒரு அறிகுறி. எதனால் ஏறியது என்று கண்டு அந்தக் குறையைத் தீர்த்தால் நன்மை. எண்ணை மட்டும் பிடித்துக் கீழே இழுத்தால் இதயத்துக்குப் பெரிதாக ஒன்றும் ஆகப்போவதில்லை.

நம் மண்ணில் எழுதிய கதை

இந்த வைட்டமின்களின் வரலாற்றில் பாதி நம் பக்கத்தில் நடந்தது. 1928-இல் லூசி வில்ஸ் என்ற ஆங்கிலேய மருத்துவர் பம்பாய்க்கு வந்தார். அங்கே பஞ்சாலைகளில் வேலை பார்த்த ஏழைப் பெண்கள் பலர் கருவுற்ற காலத்தில் கொடிய இரத்தசோகைக்கு ஆளாகி இறந்துகொண்டிருந்தனர். சோறும் ரொட்டியும் தவிர, காய் கனி பெரிதாகக் காணாத சாப்பாடு அவர்களுடையது. வில்ஸ் குன்னூர் பாஸ்டர் நிறுவனத்திலும் சென்னையிலும் ஆய்வைத் தொடர்ந்தார். ஈஸ்ட்டிலிருந்து எடுக்கும் மார்மைட் என்ற மலிவான பசை அந்தச் சோகையைக் குணப்படுத்துவதை 1931-இல் அறிவித்தார். அதற்குள் ஒளிந்திருந்தது ஃபோலேட் என்பது பின்னால்தான் தெரிந்தது.

அந்த ஃபோலிக் அமிலத்தை ஆய்வகத்திலேயே உருவாக்கிக் காட்டிய குழுவின் தலைவர் எல்லாப்பிரகட சுப்பாராவ். சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தவர். கதர் அணிந்ததற்காக ஆங்கிலேயப் பேராசிரியரின் கோபத்துக்கு ஆளாகி, எம்.பி.பி.எஸ். பட்டத்துக்குப் பதில் அதற்குக் கீழான எல்.எம்.எஸ். சான்றிதழோடு வெளியே வந்தவர். ‘ஸ்ப்ரூ’ என்ற குடல் நோய்க்குத் தம் சகோதரர்களைப் பறிகொடுத்து, தாமும் அதில் சாகப் பிழைத்தவர். 1945-இல் அமெரிக்காவின் லெடர்லே ஆய்வகத்தில் அவர் குழு உருவாக்கிய ஃபோலிக் அமிலம் அதே ஸ்ப்ரூவுக்கு மருந்தாயிற்று.

அந்த மகிழ்ச்சியினூடே ஒரு எச்சரிக்கையும் கிடைத்தது. உண்மையில் பி12 குறைவால் சோகை வந்தவர்களுக்கு ஃபோலிக் அமிலத்தை மட்டும் கொடுத்தபோது இரத்தம் ஊறியது, முகம் தெளிந்தது, ஆனால் தண்டுவட நரம்புகள் தொடர்ந்து கெட்டன. சிலருக்கு முன்னைவிட மோசமாயிற்று. 1948-இல் பி12 பிரித்தெடுக்கப்பட்ட பிறகுதான் அதற்கு விடிவு வந்தது. ஃபோலிக் அமிலம் மட்டுமே உள்ள மாத்திரையை வாங்கி நாமாகவே ஹோமோசிஸ்டீனைக் குறைக்கப் போகக் கூடாது என்று மருத்துவர்கள் இன்றும் சொல்வது இதனால்தான்.

வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி இந்தத் துறையில் உலகறிந்த பெயர். தாய்ப்பால் மட்டுமே குடித்து வளர்ந்த சில குழந்தைகள் சிரிப்பையும் தலை நிமிர்த்துவதையும் மறந்து, கை கால்கள் தாமாக ஆடி, விரல் முட்டிகள் கறுத்துச் சோர்ந்து கிடந்ததை அங்குள்ள மருத்துவர்கள் 1962-இல் லான்செட் இதழில் எழுதினார்கள். தாய்மாருக்கு பி12 இல்லை, ஆகவே பாலிலும் இல்லை. பி12 கொடுத்ததும் குழந்தைகள் தேறின. தென்னிந்தியர்களின் சிறுகுடலில் வாழும் சில பாக்டீரியாக்கள் பி12-ஐத் தயாரிக்கின்றன என்று 1980-இல் நேச்சர் இதழில் காட்டியவர்களும் வேலூர்க்காரர்களே. செடிகொடிகளோ விலங்குகளோ பி12-ஐ உண்டாக்குவதில்லை. அது நுண்ணுயிர்களால் மட்டுமே ஆகும் காரியம்.

கீரை தின்றால் போதுமா?

ஹோமோசிஸ்டீன் என்றதும் ‘முருங்கைக்கீரை சாப்பிடுங்கள்’ என்பார்கள். கீரையில் இருப்பது ஃபோலேட். நமக்கு அதிகம் குறைவது அதுதானா? புனேயில் 204 பேரிடம் நடத்தி 2001-இல் வெளியான ஆய்வில் 77 விழுக்காட்டினருக்கு ஹோமோசிஸ்டீன் 15-ஐத் தாண்டியிருந்தது. ஃபோலேட் குறைந்தவர்கள் மிகச் சிலர். 47 விழுக்காட்டினருக்கு பி12 குறைவு. புனேயைச் சேர்ந்த மருத்துவர் யாஜ்னிக் குழுவினர் 2006-இல் வெளியிட்ட இன்னோர் ஆய்வில் 441 நடுத்தர வயது ஆண்களில் 67 விழுக்காட்டினருக்கு பி12 போதவில்லை. வசதியுள்ள நகரத்து நடுத்தர வர்க்கத்தில் அது 81 விழுக்காடு.

அதே குழு அடுத்த ஆண்டு வெளியிட்ட ஒரு சிறு சோதனை நம் கேள்விக்கு நேரடி விடை தருகிறது. 42 பெண்களில் சிலருக்கு நாளொன்றுக்கு 100 கிராம் சமைத்த கீரையும், சிலருக்கு 500 மைக்ரோகிராம் பி12 மாத்திரையும், சிலருக்கு இரண்டும் கொடுத்தார்கள். பி12 எடுத்தவர்களின் ஹோமோசிஸ்டீன் இரண்டே வாரத்தில் 18-இலிருந்து 13-க்கு இறங்கியது. கீரையால் அந்த எண்ணில் மாற்றம் இல்லை. கீரை உடம்புக்கு நல்லதுதான், ஆனால் பி12 இல்லாத உடம்பில் ஃபோலேட்டால் தனித்து எதுவும் செய்ய முடியாது.

பி12 நாளுக்குச் சுமார் 2 மைக்ரோகிராம் போதும். ஒரு டம்ளர் பாலில் ஏறக்குறைய 1 மைக்ரோகிராமும் ஒரு முட்டையில் அரை மைக்ரோகிராமும் உண்டு. கறியிலும் மீனிலும் கூடுதல், ஈரலில் கொட்டிக் கிடக்கிறது. ஆட்டுக்கறி பிரியாணிக்குப் பெயர்போன சங்கரன்கோவிலில் பி12 குறைவா என்று சிரிக்க வேண்டாம். கோமதியம்மனுக்கு ஆடித்தபசு விரதம் இருந்து, ஆண்டு முழுவதும் சைவமே உண்ணும் வீடுகளும் இதே ஊரில் உண்டு. கறி உண்ணும் வீட்டிலும் பல இடங்களில் அது ஞாயிற்றுக்கிழமைச் சமாசாரம். விசைத்தறிக் கூடத்தில் டீயும் வடையுமாகப் பொழுதை ஓட்டுகிறவருக்குப் பால் என்பது டீயில் கலந்த அளவுதான்.

உணவில் இருந்தாலும் உடம்பில் சேராமல் போகலாம். இரைப்பையில் சுரக்கும் ஒரு புரதம் பிடித்துக் கொடுத்தால்தான் சிறுகுடலின் கடைசிப் பகுதி பி12-ஐ உறிஞ்சும். வயதானால் அந்தச் சுரப்பு குறையும். ‘கேஸ்’ மாத்திரையை ஆண்டுக்கணக்கில் விழுங்கினாலும் பி12 சேர்வது குறையும். எல்லாவற்றுக்கும் மேலாக மெட்ஃபார்மின். ஐ.சி.எம்.ஆர். ஆய்வின்படி தமிழ்நாட்டில் வயது வந்தோரில் நூற்றுக்கு 14 பேருக்கு மேல் சர்க்கரை நோயாளிகள். அவர்களில் பெரும்பாலோர் விழுங்கும் மாத்திரை இது. நீண்ட நாள் எடுத்தால் பி12-ஐக் குறைக்கும். பாதம் மதமதப்பு, எறும்பு ஊர்வது போன்ற குறுகுறுப்பு, காலிலிருந்து செருப்பு கழன்றதே தெரியாமல் நடந்து போவது எல்லாம் சர்க்கரையின் வேலை என்றே நினைத்துவிடுகிறோம். அதில் ஒரு பங்கு பி12 குறைவின் வேலையாக இருக்கலாம். அந்தப் பங்கைச் சரிசெய்ய முடியும், நாள் கடத்தாமல் இருந்தால்.

மாத்திரை, ஊசி, ரிப்போர்ட்

2 மைக்ரோகிராம் போதும் என்றால் மாத்திரையில் ஏன் 500, 1,500 என்று போடுகிறார்கள்? இரைப்பைப் புரதத்தின் வழியாக ஒரு வேளைக்கு ஒன்றரை முதல் 2 மைக்ரோகிராம்தான் சேரும். அதற்கு மேல் போவதில் நூற்றில் ஒரு பங்கு மட்டும் தானாகக் கசிந்து உள்ளே போகும். அந்தக் கசிவை நம்பித்தான் இத்தனை பெரிய அளவு. அதனாலேயே பலருக்கு ஊசி இல்லாமல் மாத்திரையே போதுமானதாக இருக்கிறது. நரம்புப் பாதிப்பு தெரிந்துவிட்டால் மருத்துவர் ஊசியில் தொடங்குவார். மற்றபடி ‘சத்து ஊசி ஒன்று போடுங்கள்’ என்று கேட்டு வாங்க வேண்டியதில்லை.

பி12 மிஞ்சினால் பெரிய தீங்கு இல்லை. பி6 அப்படி இல்லை. அதிக அளவில் மாதக்கணக்கில் எடுத்தால் அதுவே நரம்பைக் கெடுத்து மதமதப்பைக் கொண்டுவரும். ‘நரம்புச் சத்து’ என்று வாங்கும் மாத்திரையின் அட்டையைத் திருப்பி, பி6 எத்தனை மில்லிகிராம் என்று பார்ப்பது நல்லது. ஹோமோசிஸ்டீன் அளவு 100-ஐத் தாண்டி, குழந்தையின் கண் வில்லை நகர்ந்து, இளம் வயதில் இரத்தம் உறையும் பிறவி நோயில் மட்டும் உயர் அளவு பி6 பலருக்கு உயிர் காக்கும். அது பெரிய மருத்துவமனையில் பார்க்க வேண்டிய வைத்தியம். கருவுற்ற பெண்களுக்கு ஆரம்ப சுகாதார நிலையத்தில் தரும் இரும்பு–ஃபோலிக் அமில மாத்திரையை யாரும் நிறுத்த வேண்டாம். கருவுறும் முன்பிருந்தே எடுத்தால் குழந்தைக்குத் தண்டுவடக் குறைபாடு வருவதை ஃபோலிக் அமிலம் பெருமளவு தடுப்பதை 1991-லேயே பிரிட்டன் ஆய்வு உறுதி செய்தது. ஆனால், அந்த மாத்திரையில் பி12 கிடையாது. சைவம் உண்ணும் தாய்மார் அதைத் தனியாகக் கேட்டு வாங்க வேண்டும்.

ரேஷன் கடைகளில் வழங்கத் தொடங்கிய செறிவூட்டப்பட்ட அரிசியில் இரும்போடு ஃபோலிக் அமிலமும் பி12-உம் சேர்க்கப்பட்டன. கிலோவுக்கு 0.75 முதல் 1.25 மைக்ரோகிராம் பி12 என்பது விதி. அதை மட்டும் நம்பினால் ஒருவரின் ஒரு நாள் தேவை தீராது.

ரிப்போர்ட்டை நம்பும் முன் இன்னொன்றும் பார்க்க வேண்டும். எடுத்த இரத்தத்தை அப்படியே வைத்தால் சிவப்பணுக்கள் ஹோமோசிஸ்டீனைக் கசியவிட்டுக்கொண்டே இருக்கும். சாதாரண வெப்பத்தில் மணிக்குச் சுமார் 10 விழுக்காடு அளவு ஏறும். எடுத்த உடனே பனிக்கட்டியில் வைத்து, ஒரு மணி நேரத்துக்குள் சுழற்றி அணுக்களைப் பிரித்துவிட வேண்டும். சங்கரன்கோவிலில் காலையில் எடுத்த குழாய், அப்படிப் பிரிக்காமல் வெயிலில் பயணம் செய்து மாலையில் மதுரையிலோ சென்னையிலோ கருவிக்குள் போனால், நல்ல உடம்புக்கும் 20 என்று வரலாம். ‘இங்கேயே பிரித்து அனுப்புகிறீர்களா?’ என்று பரிசோதனை நிலையத்தில் கேளுங்கள். கேட்பதற்கு உங்களுக்கு உரிமை உண்டு.

ஹோமோசிஸ்டீன் கூடியிருந்தால் செய்ய வேண்டியது இவ்வளவுதான். பி12, கிரியாட்டினின், தைராய்டு மூன்றையும் பார்த்து, நீங்கள் எடுக்கும் எல்லா மருந்துகளின் பட்டியலோடு மருத்துவரிடம் போங்கள். பி12 குறைவு என்றால் அவர் சொல்லும் அளவில், சொல்லும் காலம் வரை தவறாமல் எடுங்கள். நரம்புக்கும் மூளைக்கும் வயிற்றிலிருக்கும் பிள்ளைக்கும் அது பெரும் நன்மை. குறை ஒன்றும் இல்லை என்றால், அந்த எண்ணுக்காக மாத்திரை விழுங்க வேண்டாம். இதயத்தைக் காக்க இரத்தக் கொதிப்பையும் சர்க்கரையையும் கொழுப்பையும் கட்டுக்குள் வையுங்கள், பீடி சிகரெட்டை விடுங்கள், தினமும் நடங்கள். அந்த வேலையை ஹோமோசிஸ்டீன் மாத்திரை உங்களுக்காகச் செய்து தராது.